பழைய வாகனம்: வைத்திருப்பதா, மாற்றுவதா?

இடம்பெயர்ந்து வந்து, மலையகத்தில் மீண்டும் மரக்கறிச் செய்கையைத் தொடங்கிய குடும்பங்களில் சில, கையில் மிஞ்சிய பணத்தில் ஒரு பழைய காரையோ வானையோ வாங்கியிருக்கின்றன. லீக்ஸும் கரட்டும் அதில்தான் சந்தைக்குப் போகின்றன. அவசரத்துக்கு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான். சில வருடங்களில் அந்த வாகனம் அடிக்கடி கராஜில் நிற்கத் தொடங்குகிறது. "இதை விற்றுவிட்டு லீசிங்கில் நல்லதொன்று எடுக்கலாமா?" என்று எம்மிடம் பலர் கேட்கிறார்கள். இதற்கு வாகனத்தின் வயதைப் பார்த்து விடை சொல்ல முடியாது. வீட்டுக் கணக்கையும் வாகனத்தின் பாதுகாப்பையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

பழைய கார்கள் கற்றுத் தந்தவை

1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டபோது, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களே மக்களுக்குக் கைகொடுத்தன. சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை இயக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்யில் ஓட்டினார்கள். அந்த எஞ்சின்களின் அமைப்பு எளிமையானது. ஊர் மெக்கானிக்கே கழற்றிப் பூட்டக்கூடியவை.

மொரிஸ் மைனர் கார்கள் இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்டவை. அவற்றைப் புதுப்பிக்கும் நிலையம் ஒன்றை சார்ள்ஸ் வெயார் என்பவர் 1976இல் இங்கிலாந்தின் பாத் நகரில் தொடங்கினார். புதிய கார் வாங்குபவருக்கு ஏற்படும் பெரிய நட்டம், முதற் சில வருடங்களில் அதன் விலை விழுவதே என்று அவர் விளக்கினார். அந்தப் பணத்தை உறுதியான பழைய காரின் பராமரிப்புக்கு வருடாவருடம் ஒதுக்கினால், அது நீண்ட காலம் உழைக்கும் என்பது அவர் வாதம். 1990களில் இக்கார்களுக்கான உதிரிப்பாகங்கள் எமது இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பழைய வாகனம் உழைக்க மூன்று வேண்டும்: பராமரிப்புக்கென ஒதுக்கிய பணம், கிடைக்கக்கூடிய உதிரிப்பாகம், வேலை தெரிந்த கை. இம்மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது சுமையாகிவிடும்.

இலங்கையின் விலை நிலைமை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதலே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. அதனால் வாகனம் தங்கத்தைப் போன்றது, வாங்கினால் நட்டமில்லை என்ற எண்ணம் பலரிடம் ஏற்பட்டது. அது தட்டுப்பாட்டால் வந்த நிலைமை. அதை நம்பிக் கடன்படுவது ஆபத்தானது.

கணக்குப் பார்ப்பது எப்படி?

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். உங்கள் பழைய வான் 12 இலட்சம் ரூபாவுக்கு விலைபோகிறது. வாங்க நினைக்கும் வான் 35 இலட்சம். மீதி 23 இலட்சத்துக்கு, நான்கு வருடங்களுக்கு மாதம் 65,000 ரூபா தவணை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 780,000 ரூபா கட்ட வேண்டும். பழைய வானின் எஞ்சினை முழுமையாகத் திருத்த 3 இலட்சம் செலவாகும் என்றாலும், அது ஐந்து மாதத் தவணைக்கும் குறைவு.

நான்கு வருடங்களின் பின் அந்த வான் உங்களுக்குச் சொந்தமாகும், அதற்கும் ஒரு விலை இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மழையால் உருளைக்கிழங்கு அழுகினாலும், கரட் விலை விழுந்தாலும் தவணைத் திகதி மாறாது. தவணை தவறினால் வாகனமும் போகும், கட்டிய பணமும் போகும். ஒருமுறை காணியை இழந்து வந்தவர்கள் இதை நன்கு யோசிக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். வாகனம் நின்றுபோன நாட்களில் எவ்வளவு மரக்கறி வீணானது? வாடகை லொறிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? இவையும் பழைய வாகனத்தின் செலவுகளே. டயர், எஞ்சின் ஒயில், காப்புறுதி ஆகியவற்றைத் தனியாக எழுதுங்கள். அவை எந்த வாகனத்துக்கும் உள்ளவை.

எதைத் திருத்தலாம்? எப்போது விடவேண்டும்?

கிளச், ரேடியேட்டர், பற்றரி போன்றவை தேய்ந்தால் மாற்றலாம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது என்று பொருள். எஞ்சின் சூடான பின்பும் வெள்ளைப் புகை தொடர்ந்து வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், தண்ணீர் எஞ்சினுக்குள் போகக்கூடும். உடனே காட்டுங்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் வழி உண்டு.

ஆனால் மலையக மழையிலும் பனியிலும் செசி துருப்பிடித்து உக்கியிருந்தால், மேலே பூசும் வர்ணத்தால் பயனில்லை. பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றைத் திருத்தியும் பழுது திரும்பத் திரும்ப வந்தால், கணக்கு என்ன சொன்னாலும் அதை ஓட்டக்கூடாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகவோ, ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகவோ சுமையோடு இறங்கும்போது, பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடியை இழக்கும். நல்ல வாகனத்தைக்கூட சிறிய கியரில்தான் இறக்க வேண்டும். பழுதான வாகனத்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது எவ்வகையிலும் தகாது.

புதிய வாகனத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைத் திருத்தக்கூடியவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா? ஹைபிரிட் காரின் பெரிய பற்றரியோ கணினிப் பகுதியோ பழுதானால், சாதாரண கராஜில் அதைச் சரிசெய்வது கடினம்.

ஆகவே இன்றே ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து, வாகனச் செலவையும் வாகனம் நின்ற நாட்களையும் எழுதத் தொடங்குங்கள். விற்பனையில் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைக் கொண்டு செசியையும் பிரேக்கையும் பார்ப்பியுங்கள். பின்பு கணவன், மனைவி, உழைக்கும் பிள்ளைகள் எல்லோரும் கூடியிருந்து அந்தக் கொப்பியைப் பாருங்கள். விளைச்சல் குறைந்த மாதத்திலும் தவணையைக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் மாற்றலாம். முடியாதென்றால், வாகனமும் பாதுகாப்பாக இருந்தால், தவணைக்குப் போகவிருந்த பணத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் பராமரிப்புக்கென ஒதுக்கி, இருப்பதையே நன்றாக வைத்திருப்போம்.