கில்ட்டுக்கு என்ன தொப்பி?

எடின்பரோவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு நெருக்கம் என்பதால் என் நண்பரையும் கில்ட் கட்டச் சொல்லிவிட்டார்கள். வாடகைக் கடையில் கில்ட், கோட்டு, முழங்கால் வரை காலுறை, இடுப்பில் தொங்கும் ஸ்போரன் பை எல்லாம் கிடைச்சாச்சு. தொப்பி மட்டும் பாக்கி. "ஆன்லைன்ல மூணு கழுகு இறகு வச்ச ஒண்ணு சூப்பரா இருக்கு, வாங்கிடவா?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டுத் தேடியபோது சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

முதலில் அந்த இறகு. ஸ்காட்லாந்தில் அது வெறும் அலங்காரம் இல்லை, தகுதி. குலத்தலைவருக்கு மூன்று, அவருக்குக் கீழே கிளைத்தலைவருக்கு இரண்டு, தன் பெயரில் முறைப்படி மரபுச் சின்னம் பெற்றவருக்கு ஒன்று. இந்தச் சின்னங்களைப் பதிவு செய்கிற லார்ட் லயன் நீதிமன்றம் இருப்பதே எடின்பரோவில்தான். அங்கே போய் மூன்று இறகோடு நின்றால், தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்ட கதைதான்.

தொப்பியில் குத்தும் வில்லையிலும் இதே சங்கதி. தலைவரின் சின்னத்தைச் சுற்றி ஒரு வாரும் பக்கிளும் இருந்தால், 'நான் இவருடைய ஆள்' என்று அர்த்தம். வார் இல்லாத சின்னம் தலைவருக்கு மட்டும். எந்தக் குலமும் இல்லாதவர் வில்லையே குத்தாமல் விடலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

சரி, எந்தத் தொப்பி? பல்மோரல் வட்டமானது, தட்டையானது, உச்சியில் ஒரு கம்பளிக் குஞ்சம். வலது பக்கமாகச் சாய்த்துப் போடுவார்கள், இடது பக்கம் நாடா முடிச்சு தெரியும். 1745 கிளர்ச்சியில் வெள்ளை முடிச்சு என்றால் ஜாக்கோபைட், கறுப்பு என்றால் அரசாங்கக் கட்சி. ஒரு துண்டு நாடாவுக்குள் அவ்வளவு பகை! கிளென்கேரி படகு வடிவம், பின்னால் இரண்டு நாடா தொங்கும், மடித்தால் தட்டையாகிவிடும். 1822-ல் நாலாம் ஜார்ஜ் எடின்பரோ வந்த காலத்து கிளென்கேரி குலத்தலைவர் மெக்டொனலோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். பிறகு ராணுவம் எடுத்துக்கொண்டது. விளிம்பில் சிவப்பு, வெள்ளைக் கட்டம் ஓடினால் அதில் படைப்பிரிவு வாசனை அடிக்கும். ஆர்கைல் அண்ட் சதர்லண்ட் ஹைலேண்டர்ஸ் அணிந்தது அப்படித்தான். பிளாக் வாட்ச் கட்டமில்லாத கிளென்கேரி போட்டார்கள். என் கருத்து: ராணுவத்தில் இல்லாதவர் கட்டமில்லாததையே எடுப்பது நல்லது.

டாம் ஓ ஷாண்டர், ராபர்ட் பர்ன்ஸ் கவிதை நாயகனின் பெயர். கொஞ்சம் தொளதொளப்பு, மலையேற்றம், விளையாட்டு என்றால் சரி. டுவீட் கோட்டு போட்டால் சாதாரண டுவீட் கேப் கூடப் பொருந்தும். பைப் இசைக்குழுக்காரர் தலையில் கறுப்பாகக் குவிந்திருக்கிறதே, அது பலரும் நினைப்பது போல கரடித்தோல் இல்லீங்க, நெருப்புக்கோழி இறகு. அது சீருடை, கல்யாண விருந்தாளிக்கு வேண்டாம்.

இன்னொன்று. ராத்திரி விருந்துக்குப் போடும் பிரின்ஸ் சார்லி கோட்டுக்குப் பெரும்பாலும் தொப்பியே கிடையாது. பகல் என்றாலும் தேவாலயத்துக்குள் போனதும் ஆண்கள் கழற்றிவிட வேண்டும். ஆக மொத்தம், காரிலிருந்து வாசல் வரைக்கும்தான் தொப்பி.

நண்பர் கடைசியில் வில்லை, இறகு எதுவும் இல்லாத நீல பல்மோரல் ஒன்றை வாங்கினார். அந்த ஊர் மழைக்கு அதுவாவது உதவும் என்றார்.