எண்ணூறு ஆண்டு நின்ற மரம்

சென்ற கோடையில் நார்வே நாட்டுக்குப் போய்த் திரும்பியது முதல் விடுதி நண்பர்கள் என்னை இரண்டே கேள்விகள் கேட்டு வருகின்றனர். நள்ளிரவில் சூரியனைக் கண்டாயா என்பது ஒன்று. பனிக்கரடியைக் கண்டாயா என்பது மற்றொன்று. இரண்டையும் நான் காணவில்லை. நான் கண்டவை மர வீடுகள். கட்டடக் கலை பயிலும் மாணவன் ஆதலின், பழைய மரக் கட்டடங்களைச் செப்பனிடும் வேலை கற்க, நூமெடால் என்னும் இடத்தில் ஒரு பண்ணையில் ஐந்து வாரம் தங்கியிருந்தேன்.

‘டால்’ என்றால் அவர்கள் மொழியில் பள்ளத்தாக்கு. ஆஸ்லோவுக்கு மேற்கே, ஹார்டாங்கர் மேட்டு நிலத்திலிருந்து தெற்கே கடலை நோக்கி இறங்கும் லோகன் ஆற்றின் கரைகளே நூமெடால். நார்வேயில் இடைக்காலத்து மரத் தேவாலயங்கள் இன்று 28 மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றுள் நான்கு இந்த ஒரு பள்ளத்தாக்கில் நிற்கின்றன. தேவாலயம் அல்லாத இடைக்கால மரக் கட்டடங்கள் நாடு முழுவதிலும் ஏறக்குறைய 250. அவற்றுள் நாற்பதுக்கு மேற்பட்டவை இங்கே இருக்கின்றன. அரண்மனைகள் அல்ல, உழவர்களின் வீடுகளும் களஞ்சியங்களுமே.

மரம் எப்படி எண்ணூறு ஆண்டு மக்காமல் நிற்கும்? என் முதல் ஐயம் இதுவே. அங்கே கரையான் இல்லை, குளிர் மிகுதி என்று எளிதாக விடை சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். ஊவ்டாலில் உள்ள தேவாலயத்தின் அடியில் 1978-இல் அகழ்ந்தபோது, அதற்கு முன்பு அதே இடத்தில் நின்ற பழைய தேவாலயத்தின் தூண்குழிகள் வெளிப்பட்டன. முன்னோர் தூணை மண்ணில் நட்டனர். மண்ணின் ஈரம் அடியைத் தின்றுவிட்டது. பின்வந்தவர்கள் கற்களைப் பரப்பி, அவற்றின்மேல் அடிச்சட்டம் கிடத்தி, சட்டத்தின்மேல் தூணை நிறுத்தினர். அப்படிக் கட்டிய தேவாலயமே பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை நிற்கிறது. மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு கல், இவ்வளவுதான் இரகசியம்.

மரத்தைத் தேர்வதிலும் அவர்கள் கண்டிப்பானவர்கள். மெல்ல வளர்ந்து வைரம் பாய்ந்த பைன் மரமே வேண்டும். பிசின் ஊறிய அந்த வைரத்தில் பூஞ்சை எளிதில் பற்றாது. வீடு கட்டும்போது மரங்களைப் படுக்கை வாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டுக் கொடுத்துப் பூட்டுகிறார்கள். மேல் மரத்தின் அடிப்பக்கத்தை நீளவாட்டில் குடைந்து கீழ் மரத்தின் முதுகில் பொருத்துகிறார்கள். இடையில் பாசியை அடைக்கிறார்கள். சுவருக்கு ஆணி தேவையில்லை. ஆகவே எண்ணிட்டுப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் அடுக்கவும் முடியும். இப்பள்ளத்தாக்கின் ரவ்லான் வீடு, பதின்மூன்றாம் நூற்றாண்டினது, அவ்வாறே பெயர்க்கப்பட்டு ஆஸ்லோவின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

நான் தங்கிய பண்ணையில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஒன்பது சிறு கட்டடங்கள். இது செல்வச் செருக்கன்று. தீக்கு அஞ்சி வகுத்த முறை. அடுப்புக்கு ஒரு வீடு, மாட்டுக்கு ஒரு வீடு, வைக்கோலுக்கு ஒரு வீடு. எல்லாவற்றிலும் மதிப்புக்குரியது களஞ்சியம். குறுங்கால்களின்மேல் நிற்பது அது. எலி ஏறாதிருக்கவே அந்த ஏற்பாடு. கீழே உணவு, மேலே உடைகளும் விருந்தாளியின் படுக்கையும். நீரற்ற மெல்லிய அப்பத்தை ஒருமுறை சுட்டு அடுக்கி வைத்து மாதக்கணக்கில் உண்டார்களாம். எனக்கும் தந்தார்கள். காகிதத்தைக் கடிப்பது போல இருந்தது. வெண்ணெய் தடவிய பிறகு குறை சொல்வதற்கில்லை.

கூரையில் புல் வளர்ந்திருந்தது. புல்தான் மழையைத் தடுக்கிறது என்று எண்ணினேன். வீட்டுக்குரிய பெரியவர் சிரித்தார். மழையைத் தடுப்பது அடியில் பல அடுக்காகப் பரப்பிய பிர்ச் மரத்தின் பட்டை. புல்மண் அந்தப் பட்டை பறக்காமல் அழுத்தும் பாரம் மட்டுமே. பட்டை கிழிந்தால் சொட்டு நீர் உள்ளே இறங்கும். மர உச்சியில் இறங்கிய நீர் சில ஆண்டுகளில் எண்ணூறு ஆண்டை முடித்துவிடும். ஆகையால் ஆண்டுதோறும் யாராவது ஏணி ஏறிப் பார்த்தாக வேண்டும்.

அந்த யாராவது யார் என்பதே இன்று அவ்வீட்டின் கவலை. 1537-க்கு முற்பட்ட கட்டடங்களை நார்வேச் சட்டம் தானாகவே காக்கிறது. ஒரு சன்னல் வைக்கவும் இசைவு பெற வேண்டும். 1991 முதல் 1999 வரை அரசு செலவிட்டு அந்த 250 கட்டடங்களையும் செப்பனிட்டது. ஆனால் ஏணி ஏறுகிறவரைச் சட்டம் தர முடியாது. 1927-இல் திறந்த இரயில் பாதையில் 1988-க்குப் பிறகு பயணிகள் வண்டி இல்லை. இன்று அதன் ஒரு பகுதியில் சுற்றுலாக்காரர் மிதிவண்டி மிதிக்கின்றனர். இளைஞர் கோங்ஸ்பெர்க்குக்கும் ஆஸ்லோவுக்கும் போய்விடுகின்றனர்.

குடும்ப நிலத்தை மூத்த பிள்ளையே முதலில் கேட்டுப் பெறலாம் என்பது அந்நாட்டின் பழைய உரிமை, ‘ஓடல்’ என்பார்கள். 1974-இன் சட்டம் மகளுக்கும் அந்த இடத்தைத் தந்தது. பெரியவரின் மூத்த மகள் நகரில் பொறியாளர். உரிமையை ஏற்றால் ஐந்து ஆண்டாவது அங்கேயே குடியிருந்து உழவும் நடத்த வேண்டும். “இது பரிசா, கட்டா என்று எனக்கே தெரியவில்லை,” என்று ஒருநாள் மாலை அவர் என்னிடம் சொன்னார். நான் மரவேலை கற்க வந்தவன். என்ன விடை சொல்வேன்?

மறுநாள் காலை அவரே கீல் வாளியுடன் ஏணி ஏறினார். கீழிருந்து நான் தூரிகை நீட்டினேன். பைன் வேரை மெல்லச் சுட்டு வடித்த அந்தக் கீலின் மணம் இன்னும் என் சட்டையை விட்டுப் போகவில்லை. களஞ்சியத்தின் தென்புறக் கூரையை முடித்தோம். வடபுறம் மீதி இருக்கிறது. பட்டை உரிக்கும் பருவம் முன்கோடை. அப்போது அவர் அங்கே இருப்பாரா என்று அறிய நான் கடிதம் எழுதியிருக்கிறேன்.