கணையம் ஏன் தன்னையே செரிப்பதில்லை?

இன்றைய எபிசோடில் ஒரு எளிய கேள்வியோட ஆரம்பிக்கலாம். நாம சாப்பிடுற கறியையும் பருப்பையும் செரிக்கிற நொதிகளைச் சுரப்பது கணையம். கணையமும் புரதத்தால் ஆனதுதானே? அப்போ அது ஏன் தன்னையே செரிச்சுக்கிறதில்லை?

காரணம், அந்த நொதிகளைக் கணையம் தூங்குற நிலையில்தான் தயாரிக்குது. டிரிப்சினோஜன் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் டிரிப்சினாக மாறி வேலையைத் தொடங்கும். பித்தக்கல், மதுப்பழக்கம் போன்றவற்றால் இந்த ஏற்பாடு குலைந்தால், டிரிப்சின் கணையச் செல்லுக்குள்ளேயே விழித்துக்கொள்ளும். அப்போ வர்றதுதான் திடீர் கணைய அழற்சி. கணையம் தன்னையே செரிக்கிறதுதான் இந்த நோய் என்று 1896-லேயே ஹான்ஸ் கியாரி சொல்லிவிட்டார்.

காவலாளி யார்?

1962-ல் இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசா, சூடுபட்ட பழ ஈக்களின் குரோமோசோம்களில் புதிய புடைப்புகளைக் கண்டதாக எழுதினார். சூட்டைச் சமாளிக்கும் புரதங்களுக்கான ஜீன்கள் அங்கே இயங்குகின்றன என்பது பிறகு தெரிந்தது. அதனால்தான் அவற்றுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர். சூடு மட்டுமில்லைங்க, செல்லுக்கு எந்த நெருக்கடி வந்தாலும் இவை பெருகும். உருக்குலையும் மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும்.

அசோக் சலூஜா, மைக்கேல் ஸ்டீர் குழுவினர் இதை எலிகளில் சோதித்தார்கள். முன்கூட்டியே உடல்சூட்டை ஏற்றிய எலிகளின் கணையத்தில் ஹெச்எஸ்பி70 என்ற புரதம் கூடியது. பிறகு செருலீன் என்ற மருந்தால் அழற்சியைத் தூண்டியபோது, அவற்றுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது.

சரி, காப்பாத்தினது சூடா, புரதமா? ஹெச்எஸ்பி70 உருவாவதைத் தடுத்துப் பார்த்தார்கள். சூடு கொடுத்தும் பாதுகாப்பு போய்விட்டது! ஆக, காவலாளி அந்தப் புரதம்தான். அழற்சி வரும்போது, கெத்தெப்சின் பி என்ற வேறொரு நொதி டிரிப்சினோஜனோடு கலந்து அதை எழுப்பிவிடுகிறது. ஹெச்எஸ்பி70 இருந்தால் அந்தக் கலப்பு குறைகிறது.

அப்போ வெந்நீர்க் குளியல் போதுமா?

போதாது. எலிகளுக்குச் சூடு கொடுத்தது நோய் வருவதற்கு முன்னாடி. மனிதர்கள் ஆஸ்பத்திரிக்கு வர்றது வலி வந்த பிறகு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. கணையப் புற்றுநோய்ச் செல்களும் இதே ஹெச்எஸ்பி70-ஐ அளவுக்கு மீறிச் சேர்த்து வைத்துக்கொண்டு சாவிலிருந்து தப்பிக்கின்றன. அங்கே இதைக் குறைக்கிறதுதான் சிகிச்சை முயற்சி. டிரிப்டோலைட் என்ற மூலிகைப் பொருள் அந்த வழியில்தான் ஆராயப்படுகிறது. காவலாளிக்கு வீட்டுக்காரர் யாரு, திருடன் யாருன்னு தெரியாது பாருங்க!

அதனால், மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகு வரை பரவி, வாந்தியும் இருந்தால், வாயுன்னு சொல்லி வீட்டில் காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தூங்க வேண்டிய நொதி விழித்திருக்கலாம்.