வீட்டில் கட்டும் விமானத்துக்கு எந்த எஞ்சின் மூடி?

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டைக்காரர்களுக்கு விமானப்படை நிலையம் பக்கத்துத் தெரு மாதிரி. ஆனால் தனி மனிதர் ஒருவர் தானே விமானம் கட்டலாம் என்பது பலருக்கு இன்றும் புதுச் செய்திதான். மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் மொட்டைமாடியில் கட்டிய விமானம் 2016இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2017இல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் பதிவும் பெற்றது.

அப்படிக் கட்டும் ஆசையோடு, பாகங்கள் அடங்கிய கிட் வாங்கினால் அதிலேயே ஒரு எஞ்சின் மூடி, அதாவது கௌலிங், வரும். அதற்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் மூடியையும் பொருத்தலாம். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி ரக கிட் விமானங்களுக்கு ஜேம்ஸ் நிறுவனம் செய்த, வட்டமான காற்றுவாய் கொண்ட மூடி இதில் பேர்போனது. பலரும் வேகத்துக்காக மாற்றுகிறார்கள். அந்த ஆசையில் நியாயம் உண்டு. 1928இல் அமெரிக்காவின் விமான ஆராய்ச்சி அமைப்பான நாகாவின் ஆய்வுக்கூடத்தில் ஃப்ரெட் வீக் குழு வடிவமைத்த மூடியை கர்டிஸ் ஹாக் விமானத்தில் மாட்டியதும், வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரிலிருந்து 220 ஆனது.

இருந்தாலும் நம் ஊருக்கு வாங்கும்போது வேகத்தை இரண்டாவதாக வைத்து, சூட்டை முதலில் பார்க்க வேண்டும் என்பேன். லைக்கமிங் போன்ற எஞ்சின்களைக் குளிர்விப்பது காற்றுதான். முன்வாயில் நுழையும் காற்று எஞ்சினுக்கு மேலே அழுத்தத்தோடு தேங்கி, சிலிண்டர் இதழ்களுக்கு இடையே கீழே இறங்கி, பின்பக்கம் வெளியேறுகிறது. கொல்லைக் கதவு சாத்திய வீட்டில் வாசலை எவ்வளவு அகலத் திறந்தாலும் காற்று ஓடாது. ஆகவே முன்வாயின் அழகில் மயங்காமல் வெளிவாயை அளந்து பாருங்கள். சூடேறிய காற்று விரிவதால், பொதுவாக வெளிவாய் உள்வாயைவிடச் சற்றுப் பெரிதாக வேண்டும். சிலிண்டரைச் சுற்றிய பேஃபிள் தகடுகளுக்கும் மூடிக்கும் இடையே ரப்பர் பட்டை சரியாக உட்காராவிட்டால், காற்று குறுக்கு வழியில் நழுவிவிடும். எஞ்சினுக்கு மேல் தனிப் பெட்டியாக வரும் ப்ளீனம் அமைப்பு இந்தக் கசிவைக் குறைக்கிறது. கூடுதல் செலவுக்கு அது தகும்.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது: சிலிண்டர் தலை வெப்பத்தை வெளியே எத்தனை டிகிரி இருந்தபோது அளந்தீர்கள்? வெளிவெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சிலிண்டர் தலையும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். குளிர்நாட்டில் 15 டிகிரியில் 200 காட்டிய எஞ்சின், ஆவடியின் மே மாத 40 டிகிரியில் 225ஐத் தொடும். லைக்கமிங்கின் உச்ச வரம்பு 260தான். ஆனால் எஞ்சின் நெடுநாள் உழைக்க 205க்குள் வைத்திருப்பது நல்லது. சான்றிதழ் பெறும் சிறு விமானங்களின் குளிர்விப்பை 38 டிகிரி வெயிலுக்குக் கணக்கிட்டுக் காட்டவேண்டும் என்பது அமெரிக்க விதியாக இருந்தது. வீட்டில் கட்டுவதற்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், அந்தக் கணக்கை வாங்குபவரே போடவேண்டியிருக்கிறது.

ரோட்டாக்ஸ் எஞ்சின் என்றால் கதை வேறு. பெங்களூரு விமான ஆய்வகமான என்ஏஎல் உருவாக்கிய ஹன்சா விமானத்தில் இருப்பது இதுதான். சிலிண்டர் தலையை நீர் குளிர்விப்பதால், ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் காற்று போகும் வழியைத்தான் முக்கியமாகப் பார்க்கவேண்டும். லைக்கமிங்குக்குச் செய்த மூடியை இதற்கு வெட்டி ஒட்டுவது வீண்வேலை.

அடுத்தது பொருள். அம்பத்தூர்ப் பக்கம் பைபர் வேலை தெரிந்த பட்டறையில் மலிவாக வார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எந்த ரெசின் என்று கேளுங்கள். அறைவெப்பத்தில் இறுகவிட்ட எபாக்ஸி, மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால், 60–70 டிகிரியிலேயே இளகத் தொடங்கலாம். எஞ்சினை அணைத்தபின் காற்றோட்டம் நின்று சூடு மேலே எழும். வெயிலில் நிற்கும் விமானத்தின் மேல்மூடி அப்போதுதான் நெளிகிறது. எக்சாஸ்ட் குழாய் அருகே உட்புறம் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாள் ஒட்டுங்கள். அடர்நிறப் பெயின்ட் வேண்டாம், வெள்ளையே நல்லது.

பொருத்தும்போது புரொப்பல்லர் நடுவிலுள்ள கூம்பான ஸ்பின்னருக்கும் மூடிக்கும் நடுவே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். எஞ்சின் தாங்கியின் ரப்பர் நாளடைவில் அமுங்கி மூக்கு சற்றுத் தாழும் என்பதால், ஆரம்பத்தில் ஸ்பின்னரை இம்மியளவு உயரமாகவே நிறுத்துவார்கள். மேல்மூடியைக் கழற்றுவது சுலபமாக இருக்கவேண்டும். கால் சுற்றுத் திருகினால் திறக்கும் கேம்லாக் பூட்டு திருகாணியைவிட விலை கூடுதல். ஆனால் கழற்றச் சலிப்பாக இருக்கும் மூடிக்குள் ஆயில் கசிவையும் தகட்டு விரிசலையும் யாரும் அடிக்கடி எட்டிப் பார்ப்பதில்லை.