தொடாத வரியின் அருமை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால இரவில் என் மடிக்கணினியின் மதர்போர்டு பழுதானது. மறுநாள் காலை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய முந்நூறு பக்க மொழிபெயர்ப்பு அதனுள் இருந்தது. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

வட்டைக் கழற்றி, யுஎஸ்பி உறை ஒன்றில் பொருத்தி, நண்பரின் கணினியில் இணைத்தேன். அவருடைய விண்டோஸால் என் லினக்ஸ் வட்டைப் படிக்க இயலவில்லை. எனவே, என் வட்டிலிருந்தே அக்கணினியைத் தொடங்க முயன்றேன். சில வரிகள் ஓடின. பின்னர், மூல வட்டைக் காணவில்லை என்ற அறிவிப்புடன் திரை நின்றது. எந்த வட்டிலிருந்து தொடங்கியதோ, அதே வட்டைக் காணோம் என்றது கணினி!

மீண்டும் இயக்கியபோது, தொடக்கப் பட்டியலில் அதுவரை நான் ஒருமுறைகூடத் தொட்டிராத ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தேன். ‘ஃபால்பேக்’ என்று முடியும் வரி அது. சற்று நேரத்தில் என் கோப்புகள் அனைத்தும் திரையில் இருந்தன.

சாவி எங்கே இருக்கிறது?

அந்த இரவில் நடந்தது மாயமன்று. கணினியை இயக்கியதும் அதன் அடிப்படை நிரல்தான் முதலில் வட்டைப் படித்து, லினக்ஸின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன்பின் பொறுப்பு கெர்னலுக்கு மாறுகிறது. வட்டைப் படிக்க அதற்குத் தனக்கே உரிய இயக்கி நிரல், அதாவது டிரைவர், தேவை. அந்த டிரைவரோ பெரும்பாலும் வட்டுக்குள் இருக்கிறது. வீட்டைத் திறக்கும் சாவி வீட்டுக்குள் இருப்பது போன்ற நிலை இது.

இச்சிக்கலைத் தீர்க்கவே, தேவையான டிரைவர்களை மட்டும் கட்டிய சிறு மூட்டை ஒன்று கெர்னலுடன் சேர்ந்தே நினைவகத்துக்கு வருகிறது. அதன் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். தமிழில் தொடக்கப் படிமம் எனலாம். உண்மையான வட்டு திறக்கப்பட்டதும் அதன் பணி முடிந்துவிடுகிறது.

நான் பயன்படுத்தும் ஆர்ச் லினக்ஸ், இத்தகைய படிமங்கள் இரண்டை உருவாக்கி வைத்திருந்தது. முதலாவது, இயல்நிலைப் படிமம். அது உருவாகும் வேளையில் கணினியில் என்னென்ன உறுப்புகள் உள்ளன என்று ஆராய்ந்து, அவற்றுக்குரிய டிரைவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எனவே அளவில் சிறியது, விரைவாக ஏறுகிறது. இரண்டாவதான காப்புப் படிமம் அந்த ஆராய்ச்சியைச் செய்வதில்லை. எந்தக் கணினியிலும் தேவைப்படக்கூடும் என்று கருதிப் பலவகை டிரைவர்களையும் சுமந்துகொள்கிறது. அதனால் பல மடங்கு பெரியது.

என் இயல்நிலைப் படிமம் பழைய மடிக்கணினியை மட்டுமே அறிந்திருந்தது. யுஎஸ்பி வழியாக வரும் வட்டை அது கண்டதில்லை. அதற்கான டிரைவரும் அதனிடம் இல்லை. சிக்கனமே அதன் குறையாயிற்று. நாள்தோறும் வீண்சுமையாகக் கிடந்த மற்றொன்று கைகொடுத்தது.

இதே கேள்விக்கு ஒவ்வொரு லினக்ஸ் வெளியீடும் ஒவ்வொரு விடை கண்டிருக்கிறது. டெபியன், தன் இயல்நிலைப் படிமத்திலேயே பெரும்பாலான டிரைவர்களைச் சேர்த்துவிடுகிறது. பெடோரா, நிறுவும்போதே மீட்புப் படிமம் ஒன்றை உருவாக்கித் தனியே வைக்கிறது. புதிய கெர்னல் வந்தாலும் பழையவற்றையும் சேர்த்து மூன்று வரை வைத்துக்கொள்கிறது.

காப்பின் எல்லைகள்

காப்புப் படிமத்தை நான் மிகைப்படுத்திப் போற்றவில்லை. அது காப்பது வன்பொருள் மாற்றத்திலிருந்து மட்டுமே. இரண்டு படிமங்களும் ஒரே கெர்னலை நம்பியிருப்பதால், புதிய கெர்னலிலேயே பிழை இருந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். தொடக்கக் கோப்புகளுக்கு ஒதுக்கிய இடம் சிறிதாக இருந்தால், பருத்த காப்புப் படிமமே அதை நிரப்பிப் புதுப்பித்தலைக் குலைக்கவும் கூடும். இடத்தை மிச்சப்படுத்தப் பலர் அதை நீக்கிவிடுவதற்குக் காரணமும் அதுவே. நீக்குவது தவறன்று, அதற்கு ஈடாக வேறொரு வழியை வைத்துக்கொள்ளாமல் நீக்குவதே தவறு.

மாற்றுவழி இருந்தால் மட்டும் போதாது என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பித்தலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பாதுகாப்பு நிலையில் தொடங்கி ஒரு கோப்பை அழித்தால் சரியாகிவிடும். ஆனால், பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் சென்று நிற்க வேண்டியிருந்தது. வட்டுகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்த இடங்களில், அவற்றைத் திறக்கும் மீட்புக் குறியீட்டைத் தேடுவதே பெரும்பாடானது.

இதற்கு மாறாக, இன்று நம் கையிலிருக்கும் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இயங்குதளத்தை இரண்டு பகுதிகளில் வைத்திருக்கின்றன. புதியது தொடங்காவிட்டால், பயனர் அறியாமலேயே பழையதற்குத் திரும்பிவிடுகின்றன. 2016இல் வெளியான ஆண்ட்ராய்டு 7 முதல் இவ்வசதி உண்டு. அதற்காகச் சேமிப்பிடத்தில் ஒரு பங்கை நாம் விட்டுக்கொடுக்கிறோம்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு என் வேண்டுகோள் எளிது. நீண்டகால ஆதரவுள்ள மற்றொரு கெர்னலையும் நிறுவிக்கொள்ளுங்கள். யுஎஸ்பியிலிருந்து நேரடியாக இயங்கும் லினக்ஸ் ஒன்றை மேசையில் வையுங்கள். மாதம் ஒருமுறையேனும் அந்தத் தொடாத வரியைத் தேர்ந்தெடுத்து, அது தொடங்குகிறதா என்று பாருங்கள். பொறுப்பிலுள்ள அலுவலகங்கள் இதை ஒருவரின் கடமையாகவே ஒதுக்க வேண்டும்.

என் மொழிபெயர்ப்பு மறுநாள் அச்சகம் சென்றது. அன்று மாலையே அதன் பிரதி ஒன்றைத் தனி வட்டில் எடுத்து, சகோதரியின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.