மூலம் என்னும் சொல் மறைக்கும் நோய்

நோய்ப்பெயர்களை ஆராய்வோர்க்கு ‘மூலம்’ இடர் மிகுந்த சொல். வேர், தோற்றுவாய் எனப் பொருள்படும் இவ்வடசொல், நம் வழக்கில் எருவாயைச் சார்ந்த குருதிக்கசிவு, கடுப்பு, நமைச்சல், தடிப்பு அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறங்களிலாயினும் மலாக்கா நகரிலாயினும், ‘மூலச்சூடு’ என்று பெயரிட்டுவிட்டால் மோரும் வெந்தயமுமே நாடப்பெறும். ‘படை’ என்றாலோ களிம்பு வரும்.

இவ்விரு பெயர்களுக்குள்ளும் ஒளிந்துகொள்ளும் அரிய தோல்நோய் ஒன்றுண்டு. 1874இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட், மார்புக்காம்பில் ஆறாச் சொறிபோல் தோன்றி மார்பகப் புற்றோடு தொடர்புற்ற நோயொன்றை விவரித்தார். 1893இல் தாரியே, கூயோ என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் அதனையே எருவாய்ச் சுற்றுத்தோலில் கண்டு எழுதினர். சிவந்த தடிப்பு, ஈரக்கசிவு, நீங்கா நமைச்சல். பெரும்பாலும் முதியோர்க்கு வருவது. கரப்பானினின்று கண்ணால் பிரித்தறிதல் தேர்ந்த மருத்துவர்க்கும் அரிது. ஆகவே சில வாரச் சிகிச்சைக்கும் ஆறாத தடிப்பாயின், தோலின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆய்தல் வேண்டும். வெளிறிய பெரிய உயிரணுக்கள் தென்பட்டால் நோய் உறுதியாகும்.

அடுத்த வினாவே முதன்மையானது: அவ்வணுக்கள் தோலிலேயே பிறந்தனவா, மலக்குடற் புற்றிலிருந்து பரவி வந்தனவா? சைட்டோகெரட்டின் 20 என்னும் புரதம் காணப்படின் குடலை மிகுதியும் ஐயுறுவர். (‘மூலம்’ என்னும் சொல் தன் பழம்பொருளோடு இங்கேதான் பொருந்துகிறது!) சாயச் சோதனை எதைக் காட்டினும், குடலுள்நோக்கிப் பரிசோதனையைத் தவிர்த்தல் தகாது, குடலில் வளர்ச்சி இருப்பின், தோலுக்கு மட்டும் செய்யும் மருத்துவம் பயன்தராது.

மொழித்தடை ஒன்றும் இங்குண்டு. மருத்துவர் மலாயில் ‘புவாசிர்?’ என வினவ, நோயாளி தலையசைத்தால் உரையாடல் மூலத்தோடு முடிந்துவிடும். அரிப்புக்குரிய ‘காத்தால்’ என்னும் மலாய்ச்சொல் பேச்சுவழக்கில் காமத்தினவையும் சுட்டும். நம் ‘அரிப்பு’ம் அவ்வாறே. மகனோ மகளோ மொழிபெயர்க்க நிற்கையில் முதிய தாயொருத்தி அச்சொல்லை உரைக்கக் கூசுவதில் வியப்பில்லை.

பெயரைக் கூறாமல் இடம், குறி, காலம் ஆகிய மூன்றையும் கூறுமாறு பயிற்றலாம் என்பது நம் கருத்து. ‘ஆசனவாய் ஓரத்தோலில் ஆறு மாதமாகச் சிவந்த தடிப்பு, களிம்புக்கு ஆறவில்லை’ என்னும் ஒரு தொடரை மாணவர் தமிழிலும் மலாயிலும் எழுதப் பழகினால், வீட்டு முதியவர் அதனைத் தாளில் மடித்துக் கொண்டுபோய் மருத்துவர் மேசைமேல் வைத்துவிடலாம், வாய்திறந்து சொல்லவும் வேண்டியதில்லை.