பி.ஆர். படிவத்தில் மகன் பெயர்

அந்தப் படிவத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், தம்பி. தே தாரிக்கைக் குடித்துக்கொண்டே பேசுவோம். ஜொகூரின் ஸ்கூடாயிலிருந்து விடியுமுன்னே சிங்கப்பூருக்கு வண்டி ஓட்டுகிற உங்களுக்கு அந்த ஊர் பி.ஆர்., அதாவது நிரந்தரவாசம், எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. மகன் பெயரையும் எழுதுகிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சிங்கப்பூரில் கட்டாய தேசிய சேவை 1967இல் வந்தது. இன்று அதற்கு அடிப்படை 1970ஆம் ஆண்டின் படைச்சேர்ப்புச் சட்டம். அதன்படி குடிமகனானாலும் பி.ஆர். ஆனாலும் ஆண்களுக்குக் கடமை உண்டு. வேலையின் பேரில் பி.ஆர். வாங்குகிற உங்களைப் போன்ற முதல் தலைமுறையினரைக் கூப்பிடுவதில்லை. உங்கள் வழியாக பி.ஆர். ஆகிற பையனுக்கு அந்த விலக்கு கிடையாது. கையில் மலேசியப் பாஸ்போர்ட் இருந்தாலும் பதினாறரை வயதில் பதிவு, 18 வயதில் முகாம்.

நம் நாட்டுத் தேசிய சேவைப் பயிற்சியான பி.எல்.கே.என்.ஐ மனதில் வைத்து இதை எடைபோடாதீர்கள். அது 2004இல் மூன்று மாதப் பயிற்சியாகத் தொடங்கி, 2018இல் கைவிடப்பட்டு, 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாகத் திரும்பி வந்தது. அங்கே முழுசாக இரண்டு வருஷம். 2004க்கு முன் கார்ப்பரலுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் இரண்டரை வருஷமாக இருந்தது. கிடைப்பது சம்பளமல்ல, படித்தொகை: புதிதாகச் சேர்கிறவனுக்கு 2023 ஜூலையில் மாதம் 630 சிங்கப்பூர் வெள்ளி 755 ஆனது; 2025 ஜூலையில் 790 ஆனது. அதற்குப் பிறகும் ரிசர்விஸ்ட் என்று 40 வயது வரை கூப்பிடுவார்கள். அதிகாரியாகிவிட்டால் 50 வரை.

இங்கே குடியிருக்கிற நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எக்ஸிட் பெர்மிட். பையனுக்கு 13 வயதானதும், சிங்கப்பூருக்கு வெளியே மூன்று மாதமோ அதற்கு மேலோ தங்க அது வேண்டும். வெளியே என்றதும் லண்டன், ஆஸ்திரேலியா என்று நினைக்கிறோம். ஸ்கூடாயும் வெளியேதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தவனை இங்கேயே இடைநிலைப்பள்ளியில் சேர்த்தால், அந்தச் சட்டத்தின் கண்ணில் அவன் வெளிநாட்டில் இருக்கிறவன். இரண்டு வருஷமோ அதற்கு மேலோ என்றால் ஜாமீன் வேறு: 75,000 வெள்ளி, அல்லது தாய் தகப்பன் இருவருடைய ஆண்டு வருமானத்தில் பாதி, எது கூடுதலோ அது. யூ.டி.எம். பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, பட்டம் வாங்கிவிட்டுப் போகட்டும் என்றும் கணக்குப் போட முடியாது. ஏ லெவல், டிப்ளோமா வரைக்கும் தவணை தருவார்கள். பல்கலைக்கழகப் படிப்புக்குத் தருவதில்லை.

போகாமல் இருந்துவிட்டால்? பியானோ கலைஞர் மெல்வின் டான் சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், பிரிட்டிஷ் குடிமகனாகி, சேவைக்குத் திரும்பாமலே இருந்துவிட்டார். 2005இல் அவருக்கு 3,000 வெள்ளி அபராதம் மட்டும் விதிக்கப்பட்டபோது, இரண்டு வருஷத்தைக் கொடுத்த பையன்களும் அவர்களைப் பெற்றவர்களும் கொதித்துப்போனார்கள். அது நியாயமான கோபம்தான். மறு வருஷமே உச்ச அபராதம் 5,000 வெள்ளியிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. 2017இல் உயர் நீதிமன்றம், எத்தனை வருஷம் வராமல் இருந்தானோ அதற்கேற்பச் சிறைவாசம் கூடும்படி அளவுகோல் வகுத்தது.

பி.ஆரைத் திருப்பிக் கொடுக்கலாம், பலர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சேவை செய்யாமல் கொடுத்தால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். உங்கள் மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிப்பதிலும் சிக்கல் வரலாம்.

குடும்பத்தோடு அங்கே குடிபோய், பையனை அங்குள்ள பள்ளியில் சேர்க்கிற எண்ணம் உறுதியாக இருந்தால் அவன் பெயரை எழுதுங்கள். கூடப் படித்தவர்களோடு சேர்ந்து முகாமுக்குப் போவான். அந்த ஊரில் அவனுக்கு ஒரு நிலை கிடைக்கும். சேவை முடித்தால் குடியுரிமை நிச்சயம் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீடும் பள்ளியும் ஸ்கூடாய்தான் என்றால், உங்கள் பெயருக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். மகனைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இன்றைக்கு இரவே வீட்டில் அவன் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.